செர்னோபிலை மூடிய பணம் யாருடையது, பொறுப்பு யாருடையது?

பாலக்கோடு ஆசிரியர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். தருமபுரியில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் படிப்பது வழக்கம். சென்ற முறை உக்ரைனின் செர்னோபில் அணுமின் நிலையத்தைப் பற்றிப் பேசினோம். 1986 ஏப்ரல் 26 அதிகாலையில் நான்காம் உலை வெடித்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அந்த நிலையம் எப்போது, எப்படி மூடப்பட்டது என்று கேட்டபோது பெரும்பாலோர் “வெடித்த அன்றே மூடியிருப்பார்கள்” என்றுதான் சொன்னார்கள்.

உண்மை வேறு. எஞ்சிய மூன்று உலைகளும் மீண்டும் இயக்கப்பட்டன. நான்காம் உலையோடு ஒரே கட்டடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்த மூன்றாம் உலைகூட 1987 டிசம்பரில் மின்சாரம் தரத் தொடங்கிவிட்டது. விசையாழிக் கூடத்தில் ஏற்பட்ட தீயால் இரண்டாம் உலை 1991இல் நின்றது. முதல் உலை 1996இல் நிறுத்தப்பட்டது. மூன்றாம் உலை 2000 டிசம்பர் 15 அன்றுதான் நிரந்தரமாக அணைக்கப்பட்டது. விபத்துக்கும் முழு மூடலுக்கும் இடையே பதினான்கு ஆண்டுகளுக்கும் மேல் கடந்துவிட்டன. சோவியத் ஒன்றியம் சிதறிய பிறகு தனி நாடான உக்ரைனிடம் மாற்று மின்சாரத்துக்கும் பணம் இல்லை, சிதைந்த உலையைப் பாதுகாக்கவும் பணம் இல்லை. 1995 டிசம்பர் 20 அன்று ஒட்டாவாவில் ஜி7 நாடுகளும் ஐரோப்பிய ஆணையமும் உக்ரைனோடு ஓர் ஒப்புதல் ஆவணத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் மூடலுக்கு ஒரு காலக்கெடு பிறந்தது. பிறகு சிதைந்த உலையைப் பாதுகாப்பாக மூட 45 நாடுகள் பணம் கொடுத்தன.

இங்கே என் கேள்வியை வைக்கிறேன். அது உதவியா, கொடுத்தவர்களின் தன்னலமா, அல்லது கடமையா? நம் குழாய்களில் வரும் ஒகேனக்கல் தண்ணீருக்குப் பின்னாலும் ஜப்பானின் பணம் இருக்கிறது. நிலத்தடி நீரில் இருந்த ஃபுளோரைடுக்கு மாற்றாக அயல்நாட்டுப் பணத்தோடு ஒரு பெரும் பணி தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் நடந்ததைப் பார்த்தவர்கள் நாம். ஆகவே இக்கேள்வி நமக்கு அந்நியமானது அன்று என்று நினைக்கிறேன். ஆபத்து எல்லை தாண்டும்போது செலவும் எல்லை தாண்டியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. அதே சமயம் முடிவெடுக்கும் உரிமை அந்த மண்ணில் வாழ்பவர்களிடமே இருக்க வேண்டும்.

ஊத்தங்கரை வழக்குரைஞர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் ஒப்பீட்டில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. 2013இல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் மதிப்பு சுமார் 1,928 கோடி ரூபாய். அதற்கு ஜப்பான் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமை தந்தது கடன். வட்டி குறைவு என்றாலும் திருப்பிச் செலுத்த வேண்டிய பணம் அது. செர்னோபிலில் சிதைந்த உலையை மூடிக் காக்கும் காப்பிடத்துக்கு நாடுகள் தந்ததோ கொடை. உக்ரைன் அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. இந்த வேறுபாடு சிறியதன்று, ஏனென்றால் கடன் கொடுத்தவர் திருப்பிச் செலுத்தும் திறனைப் பார்ப்பார், கொடை கொடுத்தவர் பணம் எங்கே போகிறது என்று ஒவ்வொரு படியிலும் பார்ப்பார்.

சட்டம் என்ன சொன்னது என்பதையும் கவனிக்க வேண்டும். விபத்தை உலகுக்கு முதலில் உணர்த்தியது மாஸ்கோ அன்று; ஏப்ரல் 28 அன்று சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஒரு தொழிலாளியின் காலணியில் கதிரியக்கம் தென்பட்டதுதான். அந்த மௌனத்தின் விளைவாக அதே ஆண்டு செப்டம்பரில், ஐந்தே மாதங்களில், சர்வதேச அணுசக்தி முகமையின் கீழ் இரண்டு உடன்படிக்கைகள் ஏற்கப்பட்டன. விபத்து நேர்ந்தால் உடனே அறிவிக்க வேண்டும் என்பது ஒன்று; உதவி கேட்டால் எப்படி வழங்குவது என்பது மற்றொன்று. இரண்டுமே சிதைந்த உலையை மூடுவதற்கான செலவை எவர் தலையிலும் சுமத்தவில்லை. அண்டை நாடுகளுக்கு நேர்ந்த இழப்புக்குச் சோவியத் ஒன்றியம் ஈடு தரவும் இல்லை.

ஆகவே 45 நாடுகளில் எந்த நாட்டையும் எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. நீங்கள் கடமை என்கிறீர்கள். சட்டப்படி அது விருப்பம். விருப்பத்தின் மேல் நிற்கும் பாதுகாப்பு எத்தனை காலம் நிற்கும் என்பதுதான் எனக்குள்ள அச்சம்.

ஓசூர் கட்டுமானப் பொறியாளர்

இரும்புக் கட்டுமானத் தொழிலில் இருப்பவன் என்பதால் பணம் எதற்குச் செலவானது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். அது தெரிந்தால் இத்தனை நாடுகள் ஏன் சேர வேண்டியிருந்தது என்பதும் விளங்கும்.

விபத்துக்குப் பிறகு 1986 நவம்பருக்குள், 206 நாட்களில், சிதைந்த உலையைச் சுற்றி எஃகும் கான்கிரீட்டும் கொண்டு ஒரு கூடு எழுப்பினார்கள். அந்த வேகத்தை எண்ணினால் இன்றும் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது. ஆனால் அது ஒரு முழுமையான கட்டடம் அன்று. கதிர்வீச்சின் கடுமையால் பல உத்தரங்களைத் தொலைவிலிருந்து கிரேன்கள் வழியாகத்தான் வைக்க முடிந்தது. மூட்டுகளைப் பற்றவைக்கவோ முடுக்கவோ ஆட்கள் அருகில் போக முடியவில்லை. உத்தரங்கள் வெடிப்பில் சேதமடைந்த பழைய சுவர்களின் மேலேயே உட்கார்ந்திருந்தன. இடைவெளிகள் வழியாக மழைநீர் இறங்கியது. உள்ளே சுமார் 200 டன் எரிபொருள், ஒரு பகுதி உருகி மணலோடும் கான்கிரீட்டோடும் கலந்து எரிமலைக் குழம்பு போல உறைந்து கிடந்தது. கூரை சரிந்தால் அந்தத் தூசி எழும்பி மறுபடியும் காற்றில் கலக்கும் என்பதுதான் அச்சம்.

1997இல் காப்பிடத் திட்டம் உருவானது. அந்த ஆண்டின் இறுதியில் மறுகட்டமைப்புக்கும் வளர்ச்சிக்குமான ஐரோப்பிய வங்கியில் அதற்கென ஒரு நிதியம் தொடங்கப்பட்டது. முதல் வேலை பழைய கூட்டை மூடும் புதிய எஃகு வளைவைக் கட்டுவது அன்று, பழைய கூடு விழாமல் முட்டுக் கொடுப்பது. மேற்குச் சுவரின் பாரத்தை ஏற்கும்படி வெளியே எஃகுக் கோபுரங்களை நிறுத்தினார்கள். 2008இல் அந்த நிலைப்படுத்தும் பணி முடிந்தது.

பிறகுதான் வளைவு. இரு பக்கக் கால்களுக்கும் இடையே 257 மீட்டர், உயரம் 108 மீட்டர், நீளம் 162 மீட்டர், எடை சுமார் 36,000 டன். உலையின் மேலேயே கட்டினால் தொழிலாளர்கள் தாங்க மாட்டார்கள். ஆகவே சற்றுத் தள்ளி, மண்ணைச் சுத்தம் செய்து, அங்கே முழுவதும் கோத்து, பிறகு தண்டவாளம் போன்ற பாதையில் தள்ளிக்கொண்டு போனார்கள். 327 மீட்டர் தூரம். ஹைட்ராலிக் ஜாக்கிகள் ஒரு தள்ளுக்கு 60 சென்டிமீட்டர் வீதம் நகர்த்தின. 2016 நவம்பர் 29 அன்று வளைவு தன் இடத்தில் நின்றது. தலைமை ஒப்பந்ததாரர்கள் பிரெஞ்சுக்காரர்கள். எஃகுச் சட்டகம் இத்தாலியில் தயாரானது. உள்ளே தொங்கும் கிரேன்கள் அமெரிக்காவிலிருந்து வந்தவை. நகர்த்தும் கருவிகளைக் கொண்டுவந்தது ஒரு டச்சு நிறுவனம். இத்தனை நாட்டுப் பட்டறைகளில் செய்த உறுப்புகள் ஓர் இடத்தில் வந்து பொருந்த வேண்டும் என்றால் அளவில் எவ்வளவு ஒழுங்கு வேண்டும் என்பது பட்டறையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் பெயிண்ட் பற்றிய சிந்தனை. நூறு ஆண்டுகள் நிற்க வேண்டிய எஃகு. உள்ளே போய் மறுபடி பெயிண்ட் அடிக்க எவராலும் முடியாது. எனவே வெளித் தகடுக்கும் உள் தகடுக்கும் இடையிலுள்ள வெளியில் உலர்ந்த காற்றை இடைவிடாமல் செலுத்தி, ஈரப்பதத்தை 40 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். ஈரம் இல்லையென்றால் துரு இல்லை. அதாவது அந்த வளைவு நூறு ஆண்டுகளும் மின்சாரத்தோடும் ஆட்களோடும் உயிர்ப்பாக இருக்க வேண்டிய ஓர் இயந்திரம். மூடிவிட்டோம் என்று சாவியைப் போட்டுவிட்டு வர முடியாது.

பென்னாகரம் வாசகி

ஓசூர் அண்ணாவின் பதிவைப் படித்து வியந்தேன். ஆனால் இந்த இழையில் இதுவரை மனிதர்கள் வரவில்லை என்பது என் மனத்தை உறுத்துகிறது.

நிலையத்தின் அருகிலிருந்த பிரிப்பியாத் நகரின் ஏறத்தாழ 49,000 பேரும் விபத்துக்கு மறுநாள் பேருந்துகளில் ஏற்றப்பட்டபோது, சில நாட்களில் திரும்பலாம் என்றுதான் சொல்லப்பட்டார்கள். நிலையத்தில் வேலை செய்தவர்களுக்காகப் பிறகு ஸ்லாவுத்திச் என்ற புதிய நகரம் கட்டப்பட்டது. அந்த நகரம் முழுவதும் ஒரே நிலையத்தை நம்பி வாழ்ந்தது. 2000இல் கடைசி உலையை நிறுத்தியபோது உலகம் கைதட்டியது. ஸ்லாவுத்திச்சில் ஆயிரக்கணக்கானோருக்கு அது வேலையிழப்பு. பன்னாட்டு நிதியம் எஃகுக்கும் கான்கிரீட்டுக்கும் இருந்தது. அந்தக் குடும்பங்களுக்கு அதே தாராளம் இல்லை.

ஆசிரியர் ஃபுளோரைடு பற்றிச் சொன்னதால் என் வீட்டுச் செய்தியையும் சொல்கிறேன். என் தாயார் நாற்பது ஆண்டுகள் ஒரே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர். எங்கள் தெருப் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கோடுகள் விழுந்ததைப் பார்த்தும் அதற்குத் தண்ணீர்தான் காரணம் என்று எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. அம்மாவின் முதுகு வளைந்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் போன பிறகுதான் தெரிந்தது. குழாயில் காவிரி வந்த அன்று அம்மா ஒரு செம்பு நிறையப் பிடித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். புதிய தண்ணீர் வந்தது. பழைய எலும்பு திரும்பவில்லை. இயற்கையாகப் பாறையில் இருந்த நஞ்சுக்கும் மனிதர் உண்டாக்கிய கதிரியக்கத்துக்கும் வேறுபாடு உண்டு என்பதை அறிவேன். இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத, மெதுவாக வரும் கேட்டை நீக்கும்போது, கட்டுமானம் முடிந்த நாளைத்தான் எல்லோரும் முடிவாகக் கொள்கிறார்கள். அதற்குள் வாழ்ந்தவர்களின் கணக்கு திறந்தே கிடக்கிறது.

பாலக்கோடு ஆசிரியர்

அம்மா, உங்கள் தாயாரைப் பற்றி எழுதியதற்கு நன்றி. என் வகுப்புகளிலும் அந்தப் பழுப்புக் கோடு விழுந்த பற்களோடு வாய்பொத்திச் சிரிக்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் இருந்தார்கள். நீங்கள் சொல்வதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஒட்டாவா ஆவணத்தில் மூடலின் சமூக விளைவுகளும் பேசப்பட்டன. பேசப்பட்டதற்கும் பணம் வந்ததற்கும் இடையே இருந்த தூரம்தான் நீங்கள் சுட்டுவது.

தருமபுரி பொறியியல் மாணவர்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு ஐயங்கள். முதலாவது, பணம் கொடுத்தவர்கள் அயல்நாட்டவர், நிலையம் உக்ரைனுடையது. அப்படியென்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது யார்? இரண்டாவது, ஃபுகுஷிமாவில் மூன்று உலைகள் உருகியும் ஜப்பான் ஏன் இப்படி ஒரு பன்னாட்டு நிதியத்தைக் கேட்கவில்லை?

ஊத்தங்கரை வழக்குரைஞர்

முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன், தம்பி. ஒப்பந்தங்களில் பணி கொடுப்பவர் செர்னோபில் நிலையமே, அதாவது உக்ரைன் அரசின் நிறுவனம். உரிமம் தருவதும் ஆய்வதும் உக்ரைனின் அணுசக்தி ஒழுங்குமுறை அமைப்பு. பணம் மட்டும் ஐரோப்பிய வங்கியில் இருந்தது. கொடை தந்த நாடுகளின் அவை கூடி ஒப்புதல் தந்தால் வங்கி விடுவிக்கும். நிலையத்துக்குத் திட்ட மேலாண்மை செய்ய அயல்நாட்டு ஆலோசகர்கள் உடனிருந்தார்கள். பணம் ஓரிடம், பொறுப்பு ஓரிடம், மேற்பார்வை ஓரிடம் என்று பிரித்தது தாமதத்தைக் கூட்டியது என்றாலும், பணம் கசிவதைக் குறைத்தது என்பது என் மதிப்பீடு. ஆசிரியர் முதல் பதிவில் வலியுறுத்திய முடிவெடுக்கும் உரிமையும் ஏறக்குறைய இப்படித்தான் காக்கப்பட்டது.

ஆனால் இந்த ஏற்பாடு தவறே செய்யவில்லை என்று எவரும் எண்ண வேண்டாம். முதல் மூன்று உலைகளின் பயன்படுத்தப்பட்ட எரிபொருளுக்கு, 21,000க்கும் மேற்பட்ட எரிபொருள் தொகுதிகளுக்கு, ஓர் உலர் சேமிப்பகம் வேண்டியிருந்தது. 1999இல் ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்கு அந்தப் பணி தரப்பட்டது. கட்டடங்கள் கணிசமாக எழும்பிய பிறகு, அவ்வடிவமைப்பு அந்த எரிபொருளுக்குப் பொருந்தாது என்று தெரிந்தது. ஒப்பந்தம் முறிந்தது, 2007இல் ஓர் அமெரிக்க நிறுவனம் பொறுப்பேற்றது, முதல் எரிபொருள் உள்ளே போனது 2020இன் இறுதியில். காப்பிடத் திட்டத்துக்கும் 1997இல் போடப்பட்ட மதிப்பீடு 75.8 கோடி டாலர். முடிவில் ஆன செலவு 210 கோடி யூரோ, அதில் வளைவுக்கு மட்டும் 150 கோடி. உள்ளே என்ன இருக்கிறது என்று முழுமையாகத் தெரியாத ஒரு கட்டடத்துக்குப் போடும் மதிப்பீடு இப்படித்தான் ஆகும் என்று பொறியாளர்கள் சொல்லக்கூடும். நான் சொல்வது, தெரியாததைத் தெரிந்ததுபோல முதலில் எழுதியதுதான் பிழை.

ஓசூர் கட்டுமானப் பொறியாளர்

வழக்குரைஞர் அம்மையார் சொன்ன அந்தப் பிழை எங்கள் தொழிலுக்கும் பொருந்தும், ஏற்றுக்கொள்கிறேன்.

தம்பியின் இரண்டாவது கேள்விக்கு: ஜப்பானிடம் பணமும் தொழிற்சாலைகளும் இருந்தன. அவர்களுக்கு வெளியிலிருந்து தேவைப்பட்டது அறிவும் நம்பிக்கையும். அறிவைப் பொறுத்தவரை, 1979இல் அமெரிக்காவின் மூன்று மைல் தீவில் பாதியளவு உருகிய உலையிலிருந்து எரிபொருளை எடுத்து ஐடஹோவுக்குக் கொண்டுபோன அனுபவம் இருந்தது. ஆனால் அங்கே உருகியது உலைக் கலனுக்குள்ளேயே தங்கிவிட்டது. ஃபுகுஷிமாவில் கலனைத் துளைத்துக் கீழே இறங்கியிருக்கிறது. மூன்று உலைகளிலும் சேர்த்து சுமார் 880 டன் என்று கணக்கிடுகிறார்கள். 2024 நவம்பரில் முதன்முறையாக இரண்டாம் உலையிலிருந்து எடுத்து முடித்த துணுக்கின் எடை 0.7 கிராம். கிராம்தான், எழுத்துப் பிழை இல்லை. விபத்து நடந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு.

நம்பிக்கையைப் பொறுத்தவரை, தொட்டிகளில் தேங்கிய நீரைச் சுத்திகரித்துக் கடலில் விட 2023 ஆகஸ்ட் 24 அன்று தொடங்கினார்கள். அதற்கு முன்பு சர்வதேச அணுசக்தி முகமையின் குழு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆய்ந்து, பாதுகாப்பு அளவுகோல்களுக்கு ஒத்திருக்கிறது என்று அறிக்கை தந்தது. அப்படியும் சீனா ஜப்பானின் கடலுணவைத் தடை செய்தது. சொந்தப் பணத்தில் செய்தாலும் அண்டை வீட்டாரின் சம்மதம் இல்லாமல் சிதைந்த உலையை முடிக்க முடியவில்லை.

பென்னாகரம் வாசகி

அப்படியானால் நம் நாட்டில் என்ன ஏற்பாடு? கல்பாக்கமும் கூடங்குளமும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன.

ஊத்தங்கரை வழக்குரைஞர்

அணுமின்சாரத்தின் விலையில் யூனிட்டுக்கு 2 பைசா வீதம் உலை மூடலுக்கென்று நிதி சேர்க்கப்படுகிறது. அது ஆயுள் முடிந்து ஒழுங்காக ஓய்வுபெறும் உலைக்கான நிதி. விபத்தில் சிதைந்த உலைக்கு ஆகும் செலவு முற்றிலும் வேறு அளவு என்பதை மேலேயுள்ள எண்களே காட்டும். முன்பே குறிப்பிட்ட இரு 1986 உடன்படிக்கைகளிலும் இந்தியா உறுப்பினர். ஆகவே அறிவிப்பும் உதவிக் கோரிக்கையும் முறையாக நடக்க வழி உண்டு. மூடல் செலவைப் பகிர முன்கூட்டியே எழுதிய ஏற்பாடு உலகில் எங்கும் இல்லை. விபத்துக்குப் பிறகு மாநாடு கூட்டிக் கேட்க வேண்டியதுதான்.

பாலக்கோடு ஆசிரியர்

இந்த இழையில் இதுவரை தொடாத ஒன்றைக் கேட்டாக வேண்டும். கொடை கொடுத்தவர்களில் ரஷ்யாவும் ஒன்று. 2022 பிப்ரவரி 24 அன்று அதே ரஷ்யாவின் படை செர்னோபிலைக் கைப்பற்றியது. முந்தைய இரவு பணிக்கு வந்தவர்கள் ஏறத்தாழ நான்கு வாரம் வீடு திரும்பாமல் அதே பணியைத் தொடர்ந்தார்கள். மார்ச் 9 அன்று வெளி மின்சாரம் துண்டிக்கப்பட்டு, சில நாட்கள் டீசல் ஜெனரேட்டர்களை நம்பி இருந்தார்கள். மார்ச் இறுதியில் படை விலகியது. 2025 பிப்ரவரி 14 அன்று ஒரு டிரோன் அந்த வளைவின் கூரையைத் தாக்கியது. பொறியாளர் ஐயா, இதனால் உண்மையில் நேர்ந்த சேதம் என்ன என்பதை விளக்க முடியுமா?

ஓசூர் கட்டுமானப் பொறியாளர்

முயல்கிறேன். நான் முன்பு சொன்ன இரண்டு தகடுகளையும் அந்த டிரோன் துளைத்துவிட்டது. கதிரியக்கம் வெளியே கூடவில்லை. அது பெரிய ஆறுதல். ஆனால் தகடுகளுக்கு இடையே இருந்த காப்புப் படலத்தில் தீ பிடித்து, சுடர் இல்லாமல் கனன்றுகொண்டே இருந்தது. எங்கே கனல்கிறது என்று கண்டுபிடிக்கத் தீயணைப்பு வீரர்கள் கூரையின் மேல் ஏறி, வெளித் தகட்டில் துளைகள் இட்டு நீர் பாய்ச்ச வேண்டியிருந்தது. முழுதாக அணைய மூன்று வாரம் ஆனது.

இதன் பொருளைத் தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன். உலர்ந்த காற்றை அடைத்து வைத்திருந்த வெளி இப்போது பல இடங்களில் திறந்திருக்கிறது. ஈரம் புகும், ஈரம் புகுந்தால் நூறு ஆண்டுக் கணக்கு குலையும். சட்டகத்தின் தாங்கு உறுப்புகளுக்கு நிரந்தரச் சேதம் இல்லை. ஆனால் அடைத்துக் காக்கும் தன் முதன்மைப் பணியை வளைவு இழந்துவிட்டது என்று சர்வதேச அணுசக்தி முகமை 2025 டிசம்பரில் அறிவித்தது. தற்காலிகச் சீரமைப்பு ஓரளவு நடந்திருக்கிறது. முழுச் சீரமைப்பு எளிதன்று. வளைவைத் தள்ளிக்கொண்டு வந்த காரணமே உலையின் மேல் ஆட்கள் நின்று வேலை செய்ய முடியாது என்பதுதான். இப்போது அதே இடத்தில், அதே உயரத்தில், நின்று வேலை செய்தாக வேண்டும்.

உள்ளே அந்தக் கிரேன்கள் இன்னும் தங்கள் உண்மையான வேலையைத் தொடங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வளைவு கட்டப்பட்டது பழைய கூட்டைப் பிரித்தெடுக்கவும், பிறகு எரிபொருளை மீட்கவும். 2019 ஜூலையில் வளைவு உக்ரைனிடம் ஒப்படைக்கப்பட்டது; பிரித்தெடுக்கும் பெரும்பணி முன்னே கிடக்கும்போதே போர் வந்துவிட்டது.

ஊத்தங்கரை வழக்குரைஞர்

அணுமின் நிலையங்களைத் தாக்குவதற்கு எதிராக ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறையில் தனிப் பிரிவே உண்டு. ஆயினும் அது சிறப்பாகக் காப்பது மின்சாரம் தயாரிக்கும் அணு நிலையங்களை. மூடப்பட்ட, சிதைந்த, மின்சாரம் தராத ஓர் உலைக்கு அந்தச் சொற்கள் நேராகப் பொருந்துமா என்று வாதிட இடமிருக்கிறது. பொதுமக்கள் உடைமைக்குரிய பொதுப் பாதுகாப்பு அதற்கு எப்படியும் உண்டு. இருந்தாலும், மூடலுக்காக உலகம் இத்தனை செலவிட்ட பிறகு, மூடப்பட்ட உலையின் பெயரையும் அந்தப் பட்டியலில் தெளிவாக எழுதும்படி கோருவது மிகையான கோரிக்கை அன்று.

தருமபுரி பொறியியல் மாணவர்

சீரமைப்புக்கான பணம் மறுபடியும் அதே நிதியத்திலிருந்து வருமா?

ஊத்தங்கரை வழக்குரைஞர்

பழைய காப்பிட நிதியம் தன் பணியை முடித்துவிட்டது. ஐரோப்பிய வங்கியில் செர்னோபிலுக்கென இன்னொரு பன்னாட்டுக் கணக்கு 2020இல் தொடங்கப்பட்டது. இப்போது நாடுகள் அதில்தான் பணம் போடுகின்றன. மறுபடியும் எல்லாம் விருப்பத்தின் பேரில்தான்.

பென்னாகரம் வாசகி

ஆசிரியர் ஐயா, அடுத்த ஞாயிறு உங்கள் வட்டத்தில் இதைப் பேசும்போது, நான்கு வாரம் வீடு திரும்பாமல் பணியில் நின்ற அந்த ஸ்லாவுத்திச் மக்களை முதலில் சொல்லுங்கள். நானும் வருகிறேன். உடல் இடம் கொடுத்தால் அம்மாவையும் அழைத்து வருவேன்.